மிளகோடு சேரும், மிளகாயோடு சேராது: ‘ஷிராஸ்’ சிவப்பு ஒயினை அறிந்துகொள்வோம்

பேரங்காடியின் மதுபானப் பகுதியில் சிவப்பு ஒயின் அடுக்கைப் பார்த்தால் ஒரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஷிராஸ். பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் சரக்கு. திருமண விருந்து, நிறுவன ஆண்டு விருந்து, தீபாவளிக்கு வீட்டில் கூடும் நண்பர் வட்டம் என்று பல மேசைகளில் இந்தப் போத்தல் வந்து நிற்கிறது. ஆனால் அது என்ன திராட்சை, எந்த உணவோடு ருசிக்கும், ஒரு கோப்பையில் எவ்வளவு மது இருக்கிறது என்பது போத்தலைத் திறப்பவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. பீர் போலப் பெரிய கிளாஸில் நிரப்பி, காரமான மீன் கறியோடு குடித்துவிட்டு, “வெறும் கசப்பு” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அல்லது கணக்குத் தெரியாமல் கூடுதலாகக் குடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை குடிக்காதவரைக் குடிக்க அழைப்பதற்காக அல்ல. சமயத்தாலோ, உடல்நலத்தாலோ, விருப்பத்தாலோ மதுவைத் தொடாதவர்கள் அப்படியே இருப்பது நல்லது. 21 வயதைக் கடந்து, எப்போதாவது ஒரு கோப்பை எடுத்துக்கொள்பவர்கள் அதைத் தெரிந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதே நோக்கம்.

ஒரே திராட்சை, இரண்டு பெயர்

பிரான்ஸில் ‘சிரா’ என்றும் ஆஸ்திரேலியாவில் ‘ஷிராஸ்’ என்றும் அழைக்கப்படுவது ஒரே திராட்சைதான். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு அந்தக் கதையை முடித்து வைத்தது. தென்கிழக்கு பிரான்ஸைச் சேர்ந்த டுரேசா என்ற கறுப்புத் திராட்சையும் மொண்டூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்ததுதான் இது. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கே இதன் தாய்வீடு.

1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் திரட்டிய கொடித் தண்டுகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் இதுவும் ஒன்று. தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. இந்தியாவிலும் மகாராஷ்டிராவின் நாசிக், கர்நாடகத்தின் நந்தி மலை வட்டாரங்களில் ஷிராஸ் பயிராகிறது.

சந்தையில் நாம் வாங்கித் தின்னும் திராட்சை வேறு, ஒயின் திராட்சை வேறு. தின்னும் திராட்சைக்குப் பெரிய மணியும் மெல்லிய தோலும் வேண்டும். ஒயின் திராட்சைக்குச் சிறிய மணி, தடித்த தோல், மிகுந்த இனிப்பு வேண்டும். சிவப்பு நிறமும் வாசமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருகின்றன. சாறு தோலோடு சேர்ந்து ஊறிப் புளிக்கும்போது, ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையை மதுவாக மாற்றுகிறது.

ஷிராஸைப் பல முகம் கொண்ட திராட்சை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த இடத்தில் விளைந்தால் மிளகு வாசத்தோடு சற்று மெலிதாக இருக்கும். வெயில் மிகுந்த இடத்தில் விளைந்தால் ஜாம் போலப் பழுத்த மணத்தோடு கனமாக இருக்கும். இளஞ்சிவப்பு ஒயினாகவும், நுரைக்கும் சிவப்பு ஒயினாகவும் செய்கிறார்கள். கிரெனாஷ், மூர்வெத்ர் ஆகிய திராட்சைகளோடு கலந்து ‘ஜி.எஸ்.எம்.’ என்ற பெயரிலும் விற்கிறார்கள்.

மிளகு வாசம் எங்கிருந்து வருகிறது?

ஷிராஸை மோந்து பார்த்தவர்கள் மிளகு வாசம் வருவதாக வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். அது கற்பனை அல்ல. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதன் பெயர் ரோட்டன்டோன். நம் சமையலறை மிளகுக்கு அதன் மணத்தைத் தருவதும் இதே ரோட்டன்டோன்தான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வந்தது. சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியவே இல்லை. ஆகவே ஒரே மேசையில் ஒருவர் “மிளகு மணக்கிறது” என்பார், பக்கத்தில் இருப்பவர் “ஒன்றுமே இல்லையே” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சரவாக் மிளகு நான்கைந்தை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி மோந்து பாருங்கள். பிறகு கோப்பையைச் சற்றுச் சுழற்றி மோந்து பாருங்கள். ஒயினில் மிளகு சேர்ப்பதில்லை. திராட்சைத் தோலே அந்த வாசத்தைக் கொண்டிருக்கிறது.

தமிழருக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல என்றும் சொல்லலாம். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. யவனரின் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில் மத்திய தரைக்கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அந்தக் காலத்தில் நம் சமையலின் காரம் மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்து ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. ஷிராஸோடு எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கும் இந்த மிளகு, மிளகாய் வேறுபாட்டில்தான் பாதி விடை இருக்கிறது.

துவர்ப்பு நமக்குத் தெரிந்த சுவை

ஒயினைப் பற்றிய புத்தகங்கள் ‘டானின்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தமிழில் அதற்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்காய், பால் விடாத கடுந்தேநீர் ஆகியவற்றைச் சுவைக்கும்போது நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிப்பது போல இருக்குமே, அதுதான். எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாய் உலர்ந்தது போலத் தோன்றுகிறது.

இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் டானின் அதோடு சேர்ந்துவிடும், துவர்ப்பு மென்மையாகிவிடும். தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு குறைவதும் இப்படித்தான். வெறும் வாயில் கசக்கும் ஷிராஸ், ஆட்டிறைச்சியோடு குடித்தால் இதமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இந்த ஒயின் உணவுக்கு முன் குடிப்பதற்கானது அல்ல, உணவோடு அருந்துவதற்கானது.

மிளகாயோடு ஏன் சேராது?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுவதால்தான் வாய் எரிகிறது. மதுவும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆக, சம்பாலைச் சாப்பிட்டுவிட்டு 14.5 விழுக்காடு மது கொண்ட ஒயினைக் குடித்தால் எரிச்சல் அடங்காது, கூடும். துவர்ப்பும் சேர்ந்துகொண்டால் வாய் இன்னும் கரகரக்கும். திராட்சையின் மணம் காணாமல் போகும். எரிச்சலைத் தணிக்கக் குடிப்பவர் அளவு தெரியாமல் குடித்துவிடுவதும் உண்டு. மிளகாய்க் காரத்துக்கு நல்ல மருந்து தயிரும் மோரும்தான். பாலிலுள்ள புரதம் கேப்சைசினைப் பிடித்து அகற்றிவிடும்.

மிளகிலும் காரம் உண்டு. அதற்குக் காரணமான பைப்பரின் மிளகாயளவு எரிப்பதில்லை. அதோடு மிளகின் வாசமும் ஒயினின் வாசமும் ஒன்றாகவே இருப்பதால், ஒன்று மற்றொன்றைத் தூக்கிக் காட்டுகிறது.

வாழை இலையில் எது சேரும், எது சேராது?

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு வாழை இலைச் சாப்பாட்டை வாங்கி வந்து வீட்டு மேசையில் விரித்ததாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றோடும் சேரும் ஒயின் என்று ஒன்று இல்லை. இலையில் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நன்றாகச் சேர்பவை: மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சி வறுவல், ஈரல் வறுவல், மிளகுக் கோழி. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டு வதக்கிய ஆட்டிறைச்சிப் பெரட்டலும் சேரும், மிளகாய்த் தூளைப் பாதியாகக் குறைத்தால் போதும். கரியில் வாட்டிய சாத்தே, தந்தூரிக் கோழி போன்ற புகை வாசமுள்ளவையும் பொருந்தும்.

சைவத்தில் சேர்பவை: காளான் மிளகு வறுவல், எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், மிளகு போட்ட உளுந்து வடை, கொண்டைக் கடலைச் சுண்டல், பனீர் மிளகு வறுவல். காளானும் கத்தரிக்காயும் இறைச்சியைப் போலவே வாயை நிறைப்பவை.

ஓரளவு சேர்பவை: தேங்காய்ப் பால் குருமா, பருப்புக் கறி. இவற்றுக்குக் கனமான ஷிராஸ் வேண்டாம், மெலிதானதைச் சற்றுக் குளிர வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

சேராதவை: புளி கரைத்த மீன் தலைக் கறி, நெத்திலிச் சம்பால், ஊறுகாய், ரசம், பாயசம். மீனின் எண்ணெயும் சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச் சத்தும் சந்தித்தால் உலோக வாடை வரும். ஒயினைவிட உணவு புளித்தால் ஒயின் சப்பென்றாகிவிடும். உணவு இனித்தால் ஒயின் புளிக்கவும் கசக்கவும் செய்யும். ரசத்தில் மிளகு இருந்தாலும் புளியும் சூடும் அதைக் கெடுத்துவிடுகின்றன. பாயசத்துக்கு முன்பே கோப்பையை வைத்துவிடுவது நல்லது.

ஆகவே முறை இதுதான். முதலில் வறுவலும் வடையும் கோப்பையோடு. பிறகு கோப்பையை நகர்த்திவிட்டு, சோறும் குழம்பும் ரசமும் மோரும் தண்ணீரோடு. இப்படிச் சாப்பிட்டால் ஒரு கோப்பையே போதும் என்று தோன்றும்.

போத்தலை உணவகத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் போத்தலைத் திறப்பதற்குக் கட்டணம் உண்டு, பல இடங்களில் அனுமதியே இல்லை. ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்தில் மதுவுக்கு இடமில்லை. வீட்டு விருந்துக்கு முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் அன்றைக்குப் போத்தலை எடுக்காமலே இருப்பதுதான் பண்பு.

நம் வெயிலுக்கு எவ்வளவு குளிர்ச்சி?

சிவப்பு ஒயினை “அறை வெப்பநிலையில்” அருந்த வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, சுமார் 16 முதல் 18 டிகிரி. கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டின் அறை 30 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் மதுவின் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

குளிர்பெட்டியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுங்கள். அவசரமென்றால் ஐஸ் கலந்த தண்ணீரில் 20 நிமிடம் போதும். கோப்பைக்குள் ஐஸ் போட வேண்டாம், சுவை நீர்த்துவிடும். மீதமிருந்தால் மூடியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். திறந்த போத்தலை அன்றே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் மது விழுக்காடு. நம் உணவுக்கு 13 முதல் 13.5 விழுக்காடு உள்ளவை நல்லது. 14.5க்கு மேல் போனால் காரத்தோடு மோதும். அடுத்து, விளைந்த இடம். மிளகு வாசம் வேண்டுமென்றால் விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கு, கிராம்பியன்ஸ், தென் ஆஸ்திரேலியாவின் அடிலேய்ட் மலைப்பகுதி போன்ற குளிர்ந்த இடங்களின் பெயரைத் தேடுங்கள். பரோசா, மெக்லாரன் வேல் என்றிருந்தால் பழமணமும் கனமும் கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது, எங்கே வாங்குகிறோம் என்பது. உரிமம் பெற்ற கடையில், சுங்கத் துறையின் வரி முத்திரை உள்ள, மூடி உடையாத போத்தலை மட்டும் வாங்குங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தது மறக்கக்கூடிய செய்தி அல்ல. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக முத்திரையில்லாத போத்தலைத் தொடாதீர்கள்.

ஒரு கோப்பையின் கணக்கு

நம் சமூகத்தில் மதுவைப் பற்றிப் பேசும்போது தோட்டப்புறத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. குடி என்ன செய்யும் என்பதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்கள். பிறகு வந்த சம்சுவும் பல குடும்பங்களைச் சீரழித்தது. போத்தல் அழகாக இருப்பதால் ஒயின் வேறு ஏதோ என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது அதே மதுதான்.

கணக்கைப் பாருங்கள். 14 விழுக்காடு ஷிராஸ் 150 மில்லிலிட்டர் ஊற்றினால் அதில் சுமார் 16.5 கிராம் தூய மது இருக்கிறது. 5 விழுக்காடு பீர் 320 மில்லிலிட்டர் டின் ஒன்றில் இருப்பது சுமார் 12.5 கிராம். அதாவது ஒரு கோப்பை ஷிராஸ் ஒரு டின் பீரைவிடக் கூடுதல். 750 மில்லிலிட்டர் போத்தல் ஐந்து கோப்பை. இருவர் ஒரு போத்தலை முடித்தால் ஆளுக்கு மூன்று டின் பீருக்கு மேல் குடித்த கணக்கு. வீட்டிலுள்ள அளவுக் குவளையில் ஒருமுறை 150 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து உங்கள் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். இதுவரை எவ்வளவு ஊற்றி வந்தோம் என்பது புரியும்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கு: 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மது அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. எடை குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரே கோப்பையில் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். ஒரு கோப்பை மது உடலை விட்டு வெளியேற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கடுங்காப்பியோ குளிர்ந்த நீரில் குளிப்பதோ அதை விரைவுபடுத்தாது. குடித்த அன்று சாவியைத் தொடாமல் வாடகைக் காரை அழைப்பதே வழி. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்ற விதி 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.

“சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது” என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அதன் ஆய்வு அமைப்பு 1988இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு மது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மிடறும் வேண்டாம். ருசிக்காக எப்போதாவது ஒரு கோப்பை என்றால் அது ருசிக்காக மட்டுமே, உடம்புக்கு நல்லது என்பதற்காக அல்ல.

குடிக்காதவருக்கும் ஒரு கோப்பை

இந்தப் பொருத்தத்தை மது இல்லாமலும் ருசிக்கலாம். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தின்பதற்கும் சாறெடுப்பதற்கும் பெயர் போன கறுப்புத் திராட்சை அது. இங்கே சந்தையில் கிடைக்கும் எந்தக் கறுப்புத் திராட்சையும் இதற்கு ஆகும்.

திராட்சையைத் தோலோடு அரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். தோல் ஊறினால்தான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். சீனி வேண்டாம். எலுமிச்சை சில சொட்டு, ஒரு சிட்டிகை தட்டிய மிளகு, பாதிக்குப் பாதி சோடா சேர்த்துக் குளிர வைத்தால் மிளகு வறுவலுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க பானம் தயார். நீரிழிவு உள்ளவர்கள் இதிலும் அளவு பார்க்க வேண்டும், திராட்சையிலேயே சர்க்கரை நிறைய இருக்கிறது.

அடுத்த விருந்தில் மேசையைத் தயார் செய்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஒயின் வைத்தால் அதன் பக்கத்திலேயே மிளகு வறுவலையும் வடையையும் வையுங்கள், சம்பாலைத் தள்ளி வையுங்கள். குடிக்காதவர்களுக்கு வெறும் தண்ணீரை நீட்டாமல், இந்தத் திராட்சைச் சாற்றை அதே போன்ற நல்ல கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். யார் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.